நட்டஈட்டுப் பத்திரம் நிரப்பிக் கொடுக்க 10 வீதமா?

நோர்வூட் நக்கீரன்:
நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார், தேயிலைத் தோட்டத்தில் அடிபட்டவர்களுக்கு நட்டஈடு எடுத்துக் கொடுக்கிற படித்த பையன்கள் எல்லாம் தரகர்களாம், 10 வீதம் வெட்டுகிறார்களாம், ஒழுங்காகச் சந்தா கட்டினால் தொழிற்சங்கமே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளுமாம். வாசித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. 1934ஆம் ஆண்டிலிருந்து வேலையாள் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது, அதை எந்தச் சங்கத் தலைவர் நாங்கள் இருக்கிற லயத்து வீடுகள் பக்கம் வந்து சொன்னார்? எங்கள் பக்கத்து ஸ்டோரில், அதுதான் தேயிலை ஆலையில், ரோலரில் மாட்டி விரல் போனவருக்குத் தோட்டத்தை நடத்துகிற தொரை கொடுத்தது அரை மாதச் சம்பளமும் ஒரு பெக்கட் பால்மாவும்தான். சங்கம் பார்த்துக்கொண்டுதான் இருந்தது, ஆமாம், தூரத்தில் நின்று.

பழைய தலைவர்:
எழுதியது நான்தான், ஒளியவில்லை. பால்மா கதை எல்லாம் வேண்டாம் தம்பி. 10 வீதம் வாங்குகிறார்களா, இல்லையா?

கொழுந்துக்கூடை:
எங்கள் அக்காவுக்குக் குளவி கொட்டியது. கொழுந்து மலையிலிருந்து இறங்கி ஓடும்போது தண்ணீர்க் கானுக்குள் விழுந்து இடுப்பு போய்விட்டது. வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் நடந்தது, தோட்டம் பொறுப்பில்லை என்று ஒபிசில் சொன்னார்கள். நீங்கள் தரகன் என்கிற அந்தப் பையன்தான் தோட்டத்து வேலைப் பதிவான செக்ரோலில் அன்றைக்குப் பெயர் விழுந்திருப்பதைக் காட்டி, ஆஸ்பத்திரித் துண்டையும் சேர்த்து எழுதினான். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் நடக்கிற விபத்துக்கும் நட்டஈடு உண்டு என்று 2022இல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள், அதனால் வழியில் விழுந்தார் என்றே வைத்துக்கொண்டாலும் தோட்டம் தப்ப முடியாது என்று எங்களுக்குச் சொன்னதும் அவன்தான். பஸ் காசு மட்டும் வாங்கினான்.

பழைய தலைவர்:
பஸ் காசு என்றால் எத்தனை வீதம்?

நோர்வூட் நக்கீரன்:
அண்ணே, வாசிக்கத் தெரியுமா உங்களுக்கு? பஸ் காசு என்று அந்தப் பிள்ளை தமிழில்தான் எழுதியிருக்கிறது. சரி, 10 வீதம் வாங்கினான் என்றே வைத்துக்கொள்வோம். அதே திருத்தத்தில்தான் நட்டஈட்டின் உச்சத் தொகை 5.5 லட்சம் ரூபாயிலிருந்து 20 லட்சமாக ஏறியது. கையில் வருகிறதில் 90 வீதம் மிஞ்சுகிறது. சங்கத்தை நம்பி இருந்தவருக்கு எத்தனை வீதம் வந்தது, அதைச் சொல்லுங்கள் முதலில். ஹட்டனில் பஸ் ஏறி, கொழும்பில் வரிசையில் நின்று, சிங்களத்தில் வந்த கடிதத்தை வாசித்து, தொரை தரப்பு "குடித்திருந்தார்" என்று ஒரு வரி எழுதினால் அதற்குப் பதிலும் எழுதி... இதை எல்லாம் உங்கள் மாவட்டத் தலைவர் செய்வாரா?

பண்டாரவளை பஸ்:
ஆமிக்காரருக்குக் கால் போனால் அவர்களைப் பார்க்க ரணவிரு சேவா அதிகாரசபை இருக்கிறது, 1999இல் அதற்கென்றே சட்டம் போட்டார்கள். நம் ஆளுக்குக் கை போனால் 10 வீதத்துக்கு ஒரு பையன். இதுதான் நம் தலையெழுத்து.

வெலிமடை வெயில்:
அங்கேயும் அவ்வளவு சொகுசு இல்லை. 2016 நவம்பரில் அங்கவீனமான படையினர் ஓய்வூதியம் கேட்டுக் கொழும்பு கோட்டைப் பகுதியில் உட்கார்ந்தார்கள், தண்ணீர் அடித்துக் கண்ணீர்ப்புகை போட்டுத்தான் அனுப்பினார்கள். 12 வருடச் சேவை முடியுமுன் காயப்பட்டு வந்தவர்கள் அவர்கள். எங்கள் பக்கத்து வீட்டு ஐயாவும் பழைய ஆமிக்காரர், மெடிக்கல் ரிப்போர்ட்டை ஒரு பொலித்தீன் பையில் போட்டு வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஒபிசாக அலைகிறார். அவருக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பது ஒரு தமிழ்ப் பையன்தான்.

பழைய தலைவர்:
அவரிடம் எத்தனை வீதம்?

பண்டாரவளை பஸ்:
அதானே, நம் ஆட்களுக்குச் செய்ய நேரமில்லை, ஆமிக்காரருக்குக் கடிதம் எழுத நேரம் இருக்கிறதா?

வெலிமடை வெயில்:
கால் இல்லாதவர் படி ஏறி வந்து கேட்டால் இனம் பார்த்தா எழுதிக் கொடுப்பது? உங்களை மாதிரி ஆட்களால்தான் பக்கத்து வீட்டுக்காரனோடும் சண்டை.

கொழுந்துக்கூடை:
இதைக் கொஞ்சம் விட்டுவிட்டு ஒன்று சொல்லுங்கள். அக்கா இனி மலைக்குப் போக முடியாது. வயது 50 ஆகவில்லை, ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) காசு எடுக்க முடியுமா?

வெலிமடை வெயில்:
நிரந்தரமாக வேலை செய்யவே முடியாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் வயது பார்க்க மாட்டார்கள். நட்டஈடு வேறு, அது வேறு. ஒன்றைக் கொடுத்துவிட்டோம், மற்றது இல்லை என்று ஒபிசில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பழைய தலைவர்:
அதற்கும் அந்தப் பையனிடம்தானே போவீர்கள்? அப்புறம் அதிலும் 10 வீதம். நாங்கள் சம்பளப் போராட்டத்தில் மழையில் உட்கார்ந்தபோது இவர்கள் எல்லாம் கொழும்பில் டியூஷன் வகுப்பில்.

நோர்வூட் நக்கீரன்:
மழையில் உட்கார்ந்தது நாங்கள். நீங்கள் வேனுக்குள் உட்கார்ந்து ரோல்ஸ் சாப்பிட்டீர்கள், பார்த்தவர்கள் இருக்கிறார்கள். போன தேர்தலுக்கு லயத்துக் கூரைக்குத் தகரம் தருவதாகப் பெயர் எழுதிக்கொண்டு போனீர்களே, அந்தக் கொப்பி எங்கே?

பழைய தலைவர்:
தகரத்தை இதில் இழுக்காதே. உன் அப்பா எந்தச் சங்கத்தில் இருந்தார், ஏன் விலகினார் என்று எழுதட்டுமா?

நோர்வூட் நக்கீரன்:
எழுதுங்கள். முழுசாக எழுதுங்கள். அவர் கட்டிய சந்தாவுக்கு ரசீது கேட்டதால்தான் விலக்கினீர்கள் என்பதையும் சேர்த்து.