விமான என்ஜினுக்குள் எப்போதும் நெருப்புதானே, அப்புறம் "தீ" என்று எதைச் சொல்கிறார்கள்?

மொட்டைமாடி:
2021 பிப்ரவரியில் டென்வரில் இருந்து ஹோனலுலு கிளம்பிய யுனைடெட் ஏர்லைன்ஸ் போயிங் 777 விமானத்தின் வீடியோவை நேற்று மறுபடியும் பார்த்தேன். மூடி பிய்ந்துபோய் என்ஜின் எரிந்துகொண்டே இருக்கிறது. பறக்கும்போது உள்ளே எரிவது இயல்புதானே, வேண்டாத தீயை மட்டும் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? அணைக்க ஏதாவது வைத்திருப்பார்களே, அது என்ன ஆனது?

ஸ்பேனர்12:
தம்பி, நான் ஏர்பஸ் ஏ320 விமானப் பராமரிப்பில் இருக்கிறேன். எரியவேண்டிய இடம் கம்பஷன் சேம்பர், அதற்குள் தீ தேடும் சென்சார் கிடையாது. என்ஜின் உடம்புக்கும் வெளி மூடிக்கும், அதாவது கவுலுக்கும், நடுவே ஒரு இடைவெளி உண்டு. எரிபொருள், ஆயில், ஹைட்ராலிக் குழாய்கள் ஓடுவது அங்கேதான், ஒன்று கசிந்து சூடான உடம்பில் பட்டால் போதும். தீயைக் கண்டுபிடிக்கும் சென்சாரை, அதாவது லூப்பை, அங்கேதான் ஓட்டுவோம்.

பார்த்தால் பேனா ரீஃபிலைவிட மெலிந்த ஸ்டீல் குழாய். உள்ளே ஹீலியம், நடுவில் ஹைட்ரஜனை உறிஞ்சி வைத்திருக்கும் கம்பி. நீளம் முழுக்கச் சூடேறினால் ஹீலியத்தின் அழுத்தம் ஏறும், ஒரே இடத்தில் ஜுவாலை பட்டால் கம்பி ஹைட்ரஜனைக் கக்கி அழுத்தத்தை ஏற்றும், எப்படியானாலும் முனையில் இருக்கும் சுவிட்ச் மூடிக்கொண்டு காக்பிட்டுக்குச் சொல்லிவிடும். குழாய் ஓட்டையானால் ஹீலியம் வெளியேறி, இன்னொரு சுவிட்ச் "பழுது" என்று காட்டும்.

இப்படி ஏ, பி என்று இரண்டு லூப். இரண்டும் சொன்னால்தான் தீ. ஒன்று செத்துவிட்டால் மற்றதை மட்டும் நம்பும். ஆனால் இரண்டும் 5 விநாடிக்குள் அடுத்தடுத்து அறுந்தால் பழுது என்று எடுத்துக்கொள்ளாது, தீயே தின்றுவிட்டது என்று முடிவுகட்டி மணி அடிக்கும். இதை யோசித்தவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்கலாம்.

மொட்டைமாடி:
சரி அண்ணே, அணைப்பது?

ஸ்பேனர்12:
என்ஜினுக்கு இரண்டு பாட்டில். உள்ளே ஹாலான் 1301 என்ற தீயணைக்கும் வாயு, நைட்ரஜன் அழுத்தத்தில் இருக்கும், வாயில் வெடிமருந்து வைத்த சின்னக் குப்பி, நாங்கள் ஸ்குயிப் என்போம். ஆனால் பாட்டில் இரண்டாவது வேலைதான், முதல் வேலை தீனியை நிறுத்துவது. ஃபயர் பட்டனை அழுத்தினால் எரிபொருள், ஹைட்ராலிக், பிளீட் காற்று (என்ஜினில் இருந்து பிரித்தெடுக்கும் காற்று), ஜெனரேட்டர் எல்லாம் துண்டாகும், ஸ்குயிப்பும் தயாராகும். வானத்தில் என்றால் 10 விநாடி பொறுத்துத்தான் முதல் பாட்டில், சுழற்சி இறங்கினால் கவுலுக்குள் அடிக்கும் காற்றும் குறையும், வாயு கொஞ்சம் தங்கும். 30 விநாடி கழித்தும் சிவப்பு விளக்கு போகவில்லையா, இரண்டாவது. மூன்றாவது கிடையாது.

கடலைமிட்டாய்:
அப்படியானால் டென்வரில் மூடி பறந்ததால் ஹாலான் காற்றில் போய்விட்டது, அவ்வளவுதானே சார்?

ரன்வே09:
எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், விசாரணை அறிக்கை சொல்வது வேறு. என்ஜின் முன்னால் சுழலும் விசிறியின் ஒரு இலை, அதாவது ஃபேன் பிளேடு, முறிந்த அதிர்ச்சியில் என்ஜின் உடம்பில் ஒரு ஃபிளாஞ்ச் (பாகங்களை இணைக்கும் விளிம்பு) விட்டுப்போய், சூடான வாயு வெளியே பாய்ந்து, எரிபொருளும் ஆயிலும் போகும் பாகங்கள் அடிபட்டு, தீ கவுலுக்கு அடியைத் தாண்டி த்ரஸ்ட் ரிவர்ஸருக்குள் (தரையிறங்கியதும் வேகத்தைக் குறைக்கக் காற்றை முன்பக்கம் திருப்பும் பாகம்) போய்விட்டது. அங்கே எரிவதை அணைக்க வழியே இல்லை. பைலட்டுகள் இரண்டு பாட்டிலையும் அடித்துப் பார்த்தார்கள். நல்லவேளை, யாருக்கும் காயம் இல்லை.

ஸ்பேனர்12:
லூப் இல்லாத இடத்தில் எரிந்தால் காக்பிட்டுக்குத் தெரியவே தெரியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ராத்திரி ஹெட்செட் மாட்டிக்கொண்டு நிற்கிறேன், ஸ்டார்ட் ஆகும்போது என்ஜின் பின்வாயில் ஓராள் நீளத்துக்கு ஜுவாலை. உள்ளே தேங்கிய எரிபொருள் எரிகிறது. மேலே மணியும் இல்லை, விளக்கும் இல்லை. "டெயில்பைப் ஃபயர்" என்று நான் கத்தியபிறகுதான் கேப்டனுக்கே விஷயம் தெரியும். இதற்கு பாட்டிலைத் தொடக்கூடாது. எரிபொருளை நிறுத்திவிட்டு ஸ்டார்ட்டரால் என்ஜினைச் சும்மா சுற்றவிட்டார், காற்றே ஊதி அணைத்துவிட்டது. மறுநாள் எனக்குத்தான் தொண்டை கட்டிக்கொண்டது.