எலெனா பாபரீசூவை நேரில் கண்டவர்கள், கேட்டவர்கள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

சுவீடனின் கோத்தன்பேர்க்கிலிருந்து

சுவீடனில் பிறந்த கிரேக்கப் பாடகி எலெனா பாபரீசூ என்றதும் பலருக்கு, ஐரோப்பிய நாடுகள் மோதும் பாட்டுப் போட்டியான யூரோவிஷனில் 2005இல் கிரேக்கத்துக்காக வென்றதுதான் நினைவுக்கு வரும். எனக்கு அதற்கு ஆறு வருடம் முந்தியே அவரைத் தெரியும், குரலாக மட்டும். 1999இல் எங்கள் வகுப்பில் ஒரு கிரேக்கப் பிள்ளை படித்தாள். ஒருநாள் பேருந்தில் தன் வோக்மேனின் ஹெட்ஃபோனைக் கழற்றி என் தலையில் மாட்டிவிட்டு, "கேள், இது எங்கட மொழி" என்றாள். ஆன்டீக் என்ற இருவர் குழுவின் 'ஓப்பா ஓப்பா'. பழைய கிரேக்கப் பாட்டு ஒன்றை எடுத்து, அதற்குக் கீழே டிஸ்கோ அடியைப் போட்டிருந்தார்கள். பாடியது எலெனாவும் நீகோஸ் பனயோதீடிஸும். எலெனாவுக்கு அப்போது 17 வயது.

அந்தப் பாட்டு கொஞ்ச நாளில் சுவீடிஷ் தரவரிசையில் மேலே ஏறிவிட்டது. கிரேக்கத்தில் ஒரு சொல்லும் விளங்காத சுவீடிஷ் பிள்ளைகள் பள்ளி விருந்தில் அதற்கு ஆடினார்கள். எனக்கு அது சின்ன விஷயமாக இருக்கவில்லை. பேருந்தில் அம்மா தமிழில் கொஞ்சம் சத்தமாகக் கதைத்தால் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிற வயது எனக்கு. வீட்டு மொழியை வாசலுக்கு வெளியே கொண்டுபோகலாம் என்று அந்தக் குரல்தான் எனக்கு முதலில் சொன்னது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதற்கு முந்தின வருடம், 1998 அக்டோபர் 29 இரவு, எங்கள் நகரில் ஹிசிங்கன் பக்கம் ஒரு நடன மண்டபத்தில் தீப்பிடித்தது. 63 பேர் செத்துப்போனார்கள். எல்லாம் இளம் பிள்ளைகள், பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகள். எலெனாவும் அந்த இரவில் நண்பர்களைப் பறிகொடுத்தவர். அவருடைய ஆட்டப் பாட்டுகளை 'லேசானவை' என்று யாராவது தள்ளிவிட்டுப் பேசினால் எனக்குத் தாங்காது. அந்தக் குளிர்காலத்துக்குப் பிறகு எங்கள் நகரத்துப் பிள்ளைகள் திரும்ப ஆடத் தொடங்கியதே பெரிய காரியம்.

அவர் பிறந்தது போரோஸில், எங்களிடமிருந்து ஒரு மணி நேரம்கூட இல்லை. நெசவாலைகளுக்குப் பேர்போன ஊர். 2001இல் ஆன்டீக் கிரேக்கத்துக்காகக் கோபன்ஹேகன் யூரோவிஷனில் பாடி மூன்றாவதாக வந்தது; கிரேக்கத்துக்கு அதுவரை கிடைத்ததிலேயே நல்ல இடம் அது. நாலு வருடம் கழித்துக் கியெவில் எலெனா தனியாக நின்று வென்றார். அன்றிரவு சுவீடனின் சொந்தப் பாட்டு 19ஆவது இடம். ஆனாலும் மறுநாள் வேலையிடத்தில் எல்லோரும் "நம்ம போரோஸ் பிள்ளை" என்றுதான் கதைத்தார்கள். சுவீடனும் தன் முழுப் புள்ளியான 12ஐ அவருக்குத்தான் கொடுத்திருந்தது.

நேரில் கண்டது 2014 மார்ச்சில். யூரோவிஷனுக்கான சுவீடனின் தெரிவுப் போட்டி மெலோடிஃபெஸ்டிவாலனில் 'சர்வைவர்' என்ற பாட்டோடு வந்து, இரண்டாம் வாய்ப்புச் சுற்றில் தப்பி, இறுதிக்கு வந்திருந்தார். இடம், ஸ்டாக்ஹோம் பக்கத்தில் அப்போது ஃப்ரெண்ட்ஸ் அரீனா என்றிருந்த அரங்கம். இறுதி நிகழ்ச்சிக்கு முன் நடக்கும் முழு ஒத்திகைக்கும் சீட்டு விற்பார்கள், விலையும் குறைவு. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் இருக்கையிலிருந்து மேடை ஒரு தீப்பெட்டி அளவு. சரி, முகத்தைத் திரையில்தான் பார்க்கலாம் என்று இருந்தேன். பாட்டு உச்சத்துக்கு ஏறியபோது திரையை மறந்துவிட்டேன். அந்தப் பெரிய கூரைக்குக் கீழே குரல் எங்கேயும் மெலியவில்லை. இறுதிப் போட்டியில் அவருக்கு நாலாவது இடம். என் கணக்கில் அது குறைவு.

அம்மா கேட்டது ஒரே ஒரு கேள்வி. அதைக் கடைசியில் எழுதுகிறேன். மற்றவர்கள் சொல்லுங்கள்.

தூத்துக்குடியிலிருந்து, முன்னாள் கப்பல் ஊழியர்

அக்கா எழுதியதைப் படித்ததும் பெராமா ஞாபகம் வந்துவிட்டது. கிரேக்கத்தில் பிரேயஸ் துறைமுகத்துக்குப் பக்கத்தில் கப்பல் பழுது பார்க்கும் இடம். 2005 மே மாதம் எங்கள் கப்பல் அங்கே நின்றது. 21ஆம் தேதி ராத்திரி, யூரோவிஷன் இறுதிப் போட்டி அன்று, பட்டறையில் வெல்டிங் பார்க்கும் பெரியவர் ஒருவர் எங்கள் நாலு பேரையும் ஒரு காப்பிக் கடைக்குக் கூட்டிப்போனார். டி.வி. முன்னால் நிற்கக்கூட இடமில்லை.

எலெனாவின் பாட்டு நடுவில் கிரீட் தீவின் லீரா ஒலி வரும். மூன்று தந்தி, முழங்காலில் நிறுத்தி வில்லால் வாசிப்பது. மேடையில் எலெனா ஆடுபவர் ஒருவரின் முதுகிலிருந்து வார்களை இழுத்துப் பிடித்து லீரா வாசிப்பதுபோல் செய்வார். அந்த நொடியில் பெரியவர் தன் தொடையில் விரலால் தந்தி அழுத்திக் காட்டினார், எங்களுக்குப் புரியட்டும் என்று. வெல்டிங் பொறி பட்டுப் பட்டு அந்த விரல்களெல்லாம் கறுப்புப் புள்ளிகள்.

அப்புறம் வாக்கெடுப்பு. நள்ளிரவு தாண்டிவிட்டது. துருக்கி 12 புள்ளி கொடுத்தபோது கடையே ஒரு கணம் அமைதியானது. அந்த இரண்டு நாட்டுக்கும் உள்ள பகையை நான் கப்பலிலேயே கண்டிருக்கிறேன், ஒரே மேசையில் உட்கார மாட்டார்கள். பெரியவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று கை தட்டினார். அவரைப் பார்த்து எல்லோரும் தட்டினார்கள். மொத்தம் 230 புள்ளி, பத்து நாட்டிலிருந்து முழு 12. 1974இலிருந்து பாடி வந்த கிரேக்கத்துக்கு அதுதான் முதல் வெற்றி. தெருவில் விடிகிற வரைக்கும் ஹார்ன். துறைமுகத்தில் நின்ற கப்பல்களும் சங்கு ஊதின. நாங்கள் நாலு பேரும் அழுதோம், ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

ஏதென்ஸிலிருந்து

யூரோவிஷன் மேடையை வைத்து மட்டும் அவரை எடைபோட வேண்டாம் என்று சொல்லத்தான் வந்தேன். கிரேக்கப் பாடகர்களுக்கு உண்மையான சோதனை இரவு விடுதிகள், இங்கே பூசூக்கியா என்பார்கள். நள்ளிரவை ஒட்டித்தான் களை கட்டும், விடியற்காலை வரை போகும். மேசைக்கு இத்தனை மதுப் புட்டி என்று கணக்கு. பூக்காரப் பெண்கள் கார்னேஷன் பூக்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டு மேசை மேசையாக வருவார்கள். வாங்கிப் பாடகர் மேல் வீச வேண்டும். முன்பு தட்டையே போட்டு உடைப்பார்களாம்.

கூட வேலை செய்கிறவர்களோடு அப்படி ஓர் இரவு போனேன். எலெனா மணிக்கணக்காக நின்று பாடினார். மேடையில் பூ கணுக்கால் வரை குவிந்துவிட்டது. 'அனபான்டிதெஸ் க்லீசிஸ்' தொடங்கியதும் பக்கத்து மேசைப் பெண் கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரை கூடவே பாடினாள். எடுக்காத தொலைபேசி அழைப்புகள் என்று அர்த்தம். 2005இல் வென்ற பாட்டுக்கு இசையமைத்த ஹ்ரிஸ்தோஸ் தாந்திஸ்தான் இதையும் எழுதினார். என்னைக் கேட்டால் எலெனாவுடைய ஆங்கிலத் தொகுப்பைவிட 2004இல் வந்த முதல் கிரேக்கத் தொகுப்பு பல மடங்கு மேல். கிரேக்கத்தில் பாடும்போது சொல்லின் கடைசியைக் கொஞ்சம் இழுத்து உடைப்பார். ஆங்கிலத்தில் அந்த உடைசல் வராது.

இங்கே இப்போதுள்ள சின்னப் பிள்ளைகளுக்கு அவர் 'த வாய்ஸ்' என்ற டி.வி. பாட்டுப் போட்டியில் நடுவராக இருந்தவர். அதுவும் நல்லதுதான், ஆனால் அந்த ராத்திரியை அவர்கள் பார்க்கவில்லையே.

மீண்டும் கோத்தன்பேர்க்

தூத்துக்குடித் தம்பி, அந்த விரல்களை நான் மறக்க மாட்டேன். ஏதென்ஸ்காரர் சொன்னது சரி. நானும் கிரேக்கப் பாட்டுகளின் பக்கம்தான்.

அம்மாவின் கேள்வி இது. ஒத்திகை முடிந்து நிலையத்தில் குளிருக்குள் ரயிலுக்கு நிற்கிறோம். சுற்றிவரச் சுவீடிஷ் குடும்பங்கள். அம்மா தன் வழக்கமான சத்தத்தில், "இந்தப் பிள்ளை தாயோட எந்த மொழியில கதைக்கும்?" என்றார். "கிரேக்கத்தில்தான் அம்மா" என்று நானும் அதே சத்தத்தில் சொன்னேன். ரயில் வரும் வரைக்கும் கதைத்துக்கொண்டே நின்றோம்.

ஆன்டீக்கின் முதல் தொகுப்பு 'மேரா மே தி மேரா' குறுந்தட்டு வீடு மாறும்போது தொலைந்துவிட்டது. யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.