.300 வின் மேக்: அந்த பெல்ட் எதற்கு?

கொம்பன்: நம்ம ஃபோரத்தோட வேட்டைப் பகுதியில ஒருத்தர், .300 வின்செஸ்டர் மேக்னம் (வின் மேக்) ரைஃபிள் தோட்டாவைப் பத்தி, "பெல்ட் இருக்கிற தோட்டாதான் அழுத்தம் தாங்கும், பெல்ட் இல்லாத .300 பிஆர்சி தோட்டா பலம் குறைஞ்சது"ன்னு அடிச்சு விட்டிருக்கார். படிச்சதும் எரிச்சலா வந்துச்சு. பெல்ட்னா தோட்டாவோட பித்தளைக் கூட்டுக்கு (கேஸ்) அடியில சுத்தி இருக்கிற தடிச்ச வளையம். 1912-ல வந்த .375 ஹாலந்து அண்ட் ஹாலந்து தோட்டாவுக்குத் தோள், அதாவது கேஸ் கழுத்தா குறுகுற இடம், ரொம்பச் சரிவு. சேம்பர்ல (துப்பாக்கியில தோட்டா உட்கார்ற அறை) அந்தத் தோளை நம்பி நிறுத்த முடியாதுன்னுதான் அடியில பெல்ட் வெச்சாங்க. .300 வின் மேக் 1963-ல வந்தது, தோள் 25 டிகிரி. தோளே நிறுத்திடும். அப்புறம் பெல்ட் எதுக்கு?

மேக்னம்தாசன்: எழுதினது நான்தான், பேரைச் சொல்லியே கேட்கலாமே. பெல்ட் இருக்கிற இடத்துல பித்தளை தடிமன். தடிமன்னா பலம்.

கொம்பன்: .270 வின்செஸ்டருக்கு பெல்ட் கிடையாது, அதிகபட்ச அழுத்தம் 65,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). உங்க வின் மேக்குக்கு 64,000. இப்ப சொல்லுங்க, பெல்ட் எதுக்கு?

மேக்னம்தாசன்: ஆயிரம் பிஎஸ்ஐ வித்தியாசத்தைத் தூக்கிட்டு வந்துட்டார். எருமை வேட்டைக்குப் போறவன் .375-ஐ ஏன் நம்புறான்? வெயில்ல சூடேறின சேம்பர்லயும் சிக்காம உள்ளே போகும், வெளியே வரும்.

கொம்பன்: அது கேஸ் கூம்பா இருக்கிறதால. பெல்ட்டால இல்ல. கேள்விக்குப் பதில் வரல. கேஸ் அறுந்து போறதே பெல்ட்டுக்குக் கொஞ்சம் மேலதான். பெல்ட்ல நிறுத்துறதால தோளுக்கு முன்னாடி இடைவெளி விட்டே சேம்பர் வெட்டியிருப்பாங்க. சுட்டதும் கேஸோட முன்பாகம் சுவரைப் பிடிச்சுக்கும், பின்பாகம் போல்ட் (சேம்பரைப் பின்னாடி அடைக்கிற பூட்டு) பக்கம் தள்ளும், நடுவுல பித்தளை இழுபட்டு மெலியும். சுட்ட கேஸை மறுபடி நிரப்ப, அதைப் பழைய அளவுக்கு அமுக்குற அச்சான டையை, கேஸைப் பிடிச்சிருக்கிற ஷெல் ஹோல்டர் தொடுற வரைக்கும் இறக்கி ரீசைஸ் பண்ணினா தோள் மறுபடி பின்னாடி போகும், அடுத்த தடவை மறுபடி இழுபடும். வெளியே பளபளன்னு ஒரு வளையம் தெரியும். அடுத்து கேஸ் ரெண்டாகி, முன்பாதி சேம்பர்ல மாட்டிக்கும்.

மேக்னம்தாசன்: டை வைக்கத் தெரியாதவன் தப்புக்கு பெல்ட் என்ன பண்ணும்?

கொம்பன்: தெரிஞ்சவன் என்ன பண்றான்? டையை மேலே ஏத்தி, தோளை 0.002 அங்குலம் மட்டும் தள்றான். அதாவது தோளை வெச்சு நிறுத்துறான். பெல்ட் சும்மா கிடக்கு! பேப்பர் கிளிப் கம்பியோட நுனியை வளைச்சு, கேஸ் உள்ளே அடியிலிருந்து மேலே இழுத்துப் பாருங்க. பெல்ட்டுக்கு மேல குழியில மாட்டினா அந்தக் கேஸைத் தூக்கிப் போடுங்க.

நேர்குறி: ரெண்டு பேரும் பெல்ட்டை விடுங்க. வின் மேக்கோட கழுத்து நீளம் 0.264 அங்குலம்தான், குண்டோட விட்டம் 0.308. தோட்டாவோட மொத்த நீளம் 3.340-க்குள்ள அடங்கணும்னா நீளமான குண்டு வெடிமருந்து இடத்துக்குள்ள இறங்கிடும். பிஆர்சிக்கு 3.700 கிடைக்குது. இலக்குச் சுடுறவனுக்கு இதுதான் விஷயம்.

மேக்னம்தாசன்: அமெரிக்க ராணுவத்தோட எக்ஸ்எம்2010 ஸ்னைப்பர் ரைஃபிளுக்கு இதே தோட்டாதான், சியரா கம்பெனியோட 220 கிரெய்ன் எடை மேட்ச்கிங் குண்டு போட்டுத்தான் சுட்டாங்க. அவங்களுக்குக் கழுத்து போதுமா இருந்துச்சாம், உங்களுக்குப் போதாதாம்.

நேர்குறி: அதே மேட்ச்கிங்கை எல்க் மான் மேலயும் சுடுவீங்களோ? வேட்டைக்கு வேண்டாம்னு சியராவே சொல்லுது. போன மாசம் குண்டு பத்தின விவாதத் திரியிலயும் இதைத்தான் சொன்னேன், நீங்க படிக்கல.

மேக்னம்தாசன்: அந்தத் திரியில பாதியில காணாமப் போனது நீங்க. நான் எல்க்னு எங்கே எழுதினேன்? வரியைக் காட்டுங்க.

கொம்பன்: எல்க்கை அப்புறம் பார்க்கலாம். 25 டிகிரி தோள் இருக்கு. பெல்ட் எதுக்கு?

மேக்னம்தாசன்: தடிமன். ரெண்டாவது தடவையா சொல்றேன்.