இன்னும் எத்தனை பேரிடம் சொல்லணும், மிஸ்?

வகுப்பாசிரியை:

பள்ளி ஊழியர் ஒருவரால் பாதிக்கப்பட்ட பிள்ளையைப் பள்ளி எப்படித் தாங்கிக்கொண்டது, இல்லை எப்படிக் கைவிட்டது என்று நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள். என் தவறிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு மாணவியின் கணக்கு நோட்டுக்குள் மடித்து வைத்த ஒரு தாள். விளையாட்டு ஆசிரியரைப் பற்றி நாலு வரி. அவளைத் தனியே அழைத்துக் கேட்டேன், சொன்னாள். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். "இதையே பெரிய மிஸ்ஸிடமும் சொல்லும்மா" என்று கூட்டிப்போனேன். அவர் துணைத் தலைமையாசிரியரை அழைத்தார். மதியம் நிர்வாகி வந்தார். சாயங்காலம் அவள் அம்மாவை வரவழைத்து, அவர் முன்னால் இன்னொரு தரம். "இன்னும் எத்தனை பேரிடம் சொல்லணும், மிஸ்?" என்று கேட்டபோது அவளுக்கு அழுகைகூட வரவில்லை. ஐந்து முறை சொன்னதில் செவ்வாய் புதனாகிவிட்டது. எழுதி வைத்த குறிப்பில் அதன் பக்கத்தில் ஒருவர் சிவப்பு மையில் 'முரண்பாடு' என்று எழுதினார்.

உண்மையா பொய்யா என்று கண்டுபிடிப்பது பள்ளியின் வேலையே இல்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. சந்தேகம் வந்தாலே போலீசுக்கோ குழந்தைப் பாதுகாப்பு அமைப்புக்கோ தெரிவிக்க வேண்டும் என்பது பல நாடுகளில் ஆசிரியரின் சட்டக் கடமை. கேட்டதை அவள் வார்த்தையிலேயே, தேதி, நேரத்தோடு எழுதி வைத்திருந்தால் போதும். நான் என்ன கேள்வி கேட்டேன் என்பதையும் சேர்த்துத்தான். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வேறு வாக்குக் கொடுத்திருந்தேன். அதுவும் தப்பு.

ஐஸ்லாந்தில் 1998-இல் பார்னாஹுஸ் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். 'குழந்தைகளின் வீடு' என்று பொருள். பயிற்சி பெற்ற ஒருவரிடம் குழந்தை பேசும். விசாரிக்க வேண்டியவர்கள் எல்லாரும் வேறு அறையில் இருந்து பார்ப்பார்கள். பேசுவது பதிவாகும். அதைப் படித்த அன்று நான் அவளை ஏற்றி இறக்கிய படிகள்தான் ஞாபகம் வந்தன.

முன்னாள் மாணவி:

என்னை யாரும் தொடவில்லை. வாயால்தான். எனக்குத் திக்கும். ஒரு ஆசிரியர் வருடம் முழுக்க என்னைப் போலவே பேசிக் காட்டி வகுப்பைச் சிரிக்க வைத்தார். புகார் கொடுத்ததும் என்னை 'பி' பிரிவுக்கு மாற்றினார்கள். என் பாதுகாப்புக்காம்! தோழிகள் 'ஏ'-வில், அவரும் 'ஏ'-வில். தண்டனை யாருக்கு என்று பள்ளி முழுக்கப் புரிந்துவிட்டது.

வாரம் ஒருநாள் ஆலோசனை. அதுவும் ஸ்டாஃப் ரூமுக்கு அடுத்த கண்ணாடிக் கதவு அறையில், விளையாட்டுப் பீரியடில். போகும்போதும் வரும்போதும் அவர் மேசையைத் தாண்டித்தான் நடக்க வேண்டும். மூன்றாவது வாரம் "எல்லாம் சரியாகிவிட்டது" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

என்னைக் காப்பாற்றியது நூலகர். "மனசு சரியில்லேன்னா வா, காரணம் சொல்ல வேண்டாம்" என்றார். கையெழுத்துப் போட்ட ஒரு சீட்டு கொடுத்திருந்தார். எந்த வகுப்பிலிருந்தும் அதைக் காட்டி எழுந்து வரலாம். மொத்தம் நாலைந்து தடவைதான் போயிருப்பேன். ஆனால் சீட்டு எப்போதும் பையில் இருந்தது.

ஒரு தாய்:

எங்கள் மகனுக்கு அப்போது பத்து வயது. பையன் என்பதாலேயே பாதிப் பேர் நம்பவில்லை. சொன்ன மூன்றாம் வாரம் "நான் பொய் சொன்னேன்" என்றான். பள்ளிக்கு அவ்வளவு நிம்மதி! அன்றே கோப்பை மூடினார்கள். அந்த ஊழியருக்காகத் திரண்டு கையெழுத்து வாங்கிய பெற்றோரின் பிள்ளைகள் அதற்குள் இவனோடு பேசுவதை நிறுத்தியிருந்தார்கள் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. ரோலண்ட் சம்மிட் என்ற மனநல மருத்துவர் 1983-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்: ரகசியம் காப்பது, தாமதமாகச் சொல்வது, சொன்னதைத் திரும்பப் பெறுவது எல்லாம் பாலியல் கொடுமையால் பாதிக்கப்பட்ட குழந்தைகளிடம் காணக்கூடியவை என்று. அதற்காகத் திரும்பப் பெற்றாலே நடந்தது உண்மை என்று ஆகிவிடாது. கோப்பை மூடவும் அது காரணம் ஆகாது, அவ்வளவுதான். ஒன்றரை வருடம் கழித்து முதலில் சொன்னதையே மறுபடி சொன்னான். இந்த முறை பள்ளியிடம் இல்லை.

பள்ளி ஆலோசகர்:

மேலே சொன்ன கண்ணாடிக் கதவு அறையை நானும் பார்த்திருக்கிறேன். இப்போது நான் முதலில் கேட்பது மனசைப் பற்றி இல்லை, கால அட்டவணையைப் பற்றி. அந்த ஆள் நடத்திய பாடம் எது? அந்தப் புத்தகத்தைத் திறந்தாலே சில பிள்ளைகளுக்கு வயிறு பிசையும், மதிப்பெண் விழும், 'கவனக்குறைவு' என்று ரிப்போர்ட் வரும். ஒரு மாணவனுக்கு விசில் சத்தம். மணி அடிக்க விசிலுக்குப் பதில் வேறு ஏதாவது வைக்கச் சொன்னேன், நிர்வாகம் சிரித்தது, பிறகு செய்தது. தேர்வு எழுத வேறு அறை, தவறிய நாட்களுக்கு வருகைச் சலுகை, எந்தப் பெரியவரிடம் பேசுவது என்று அந்தப் பிள்ளையே தேர்ந்தெடுக்கும் உரிமை. இதெல்லாம் பெரிய செலவே இல்லை.

பெற்றோருக்கு அனுப்பும் கடிதத்தில் பெயர் இருக்காது. ஆனால் 'ஏழாம் வகுப்பு, கூடைப்பந்து அணி மாணவி' என்று இருக்கும்! அப்புறம் பெயர் எதற்கு? எழுதியதும் ஒரு மாணவனிடம் படித்துக் காட்டியதுபோல் நினைத்துப் பாருங்கள். இரண்டு நிமிடத்தில் யார் என்று அவன் சொல்லிவிடுவான் என்றால் கிழித்துவிட்டு வேறு எழுதுங்கள்.

விசாரணை முடியும்வரை விலகி நிற்க வேண்டியது பெரியவர்தான். சம்பளம் கொடுத்துக்கொண்டே வேலையிலிருந்து நிறுத்தி வைத்தால் அது தீர்ப்பாகிவிடாது. பிள்ளையை நகர்த்தினால் ஆகிவிடுகிறது.

இன்னொரு ஆசிரியர்:

அந்த மாதிரி புகாருக்கு ஆளான ஒருவர் என் நண்பர். பத்து வருடம் பக்கத்து நாற்காலி. கேள்விப்பட்டதும் "அவரா? சேச்சே" என்றேன். ஸ்டாஃப் ரூம் கதவு திறந்திருந்தது. வெளியே நோட்டுகளைச் சுமந்துகொண்டு நின்றது அந்தப் பிள்ளையின் தோழி. வேறு எதுவும் எழுதத் தெரியவில்லை.

வகுப்பாசிரியை:

கண்ணாடிக் கதவைப் பற்றிப் படித்துவிட்டு எங்கள் ஆலோசனை அறையைப் போய்ப் பார்த்தேன். அங்கே வருகைப் பதிவேடு ஒன்று இருக்கிறது, பெயர் எழுதிவிட்டு உள்ளே போக வேண்டும். யார் வேண்டுமானாலும் புரட்டலாம். நாளைக்கு அதை எடுக்கச் சொல்லப் போகிறேன். கணக்கு நோட்டில் இருந்த அந்தத் தாள் விஷயமாக எனக்கு நீதிமன்றத்தில் இருந்து அழைப்பும் வந்திருக்கிறது, மூன்று வருடம் கழித்து. சிவப்பு மைக்காரருக்கும் சேர்த்துத்தான்.