நன்றியும் கைமாறும்: ஆங்கிலம் பேசும் ஊர்களில் உங்கள் அனுபவம்

ஆங்கிலம் பேசுகிறவர்கள் எப்படி நன்றி சொல்கிறார்கள், உதவிக்கு எப்படிக் கைமாறு செய்கிறார்கள் என்று வாசகர்கள் எழுதி அனுப்பியவை இவை.

பிரிஸ்டல், இங்கிலாந்து

இந்த ஊரில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் டிரைவரைப் பார்த்து "சியர்ஸ், டிரைவ்!" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்குவார்கள். பள்ளிக்கூடப் பையன், கைத்தடி ஊன்றிய பாட்டி, காதில் ஹெட்ஃபோன் மாட்டிய கல்லூரிப் பெண், எல்லோரும்தான். "சியர்ஸ்" என்றால் இங்கே நன்றி. "டிரைவர்" என்றுகூட இல்லை, வெறும் "டிரைவ்". டி-ஷர்ட்டிலும் காபிக் கோப்பையிலும் அச்சடித்து விற்கும் அளவுக்கு ஊரின் அடையாளம் ஆகிவிட்டது. இங்கே பெரும்பாலான பஸ்களில் ஏற, இறங்க ஒரே வாசல், அதுவும் டிரைவர் பக்கத்தில். லண்டனில் நடுவாசல் வழியாக இறங்கிவிடுவதால் இந்தப் பழக்கம் அவ்வளவாக இல்லை.

கதவைப் பிடித்து நின்றாலும் சியர்ஸ், பேனா கொடுத்தாலும் சியர்ஸ். வடக்கே ஷெஃபீல்ட் பக்கம் போனால் "டா, லவ்" என்பார்கள். நம்மூர் "டா" இல்லை, அதுவும் நன்றிதான்.

பெரிய உதவிக்கு? ஜனவரிக் குளிரில் கார் பேட்டரி உயிரை விட்டபோது பக்கத்து வீட்டுப் பெரியவர் ஜம்ப் லீடோடு (இன்னொரு பேட்டரியோடு இணைக்கும் வயர்) வந்து ஸ்டார்ட் செய்து கொடுத்தார். நன்றி சொன்னதற்கு "டோன்ட் மென்ஷன் இட்" என்று கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். வார இறுதியில் முறுக்கு சுட்டு ஒரு டப்பா கொண்டுபோனேன். "ஓ, யூ ஷுட்ன்ட் ஹேவ்!" ("அடடா, இதெல்லாம் எதுக்கு!") என்றார், இரண்டு கையையும் நீட்டிக்கொண்டே. இதைக் கேட்டுப் பின்வாங்கிவிடாதீர்கள், வேண்டாம் என்று அர்த்தமே இல்லை. டப்பா திரும்பி வந்தபோது உள்ளே அவர் கையால் செய்த ருபார்ப் ஜாம். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது என்று அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ!

டப்ளின், அயர்லாந்து

இங்கே எடுத்ததற்கெல்லாம் "தேங்க்ஸ் எ மில்லியன்"தான். பதிலுக்கு "யூ ஆர் கிராண்ட்" என்பார்கள், "அட, பரவாயில்லப்பா" என்கிற மாதிரி.

நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கூட வேலை செய்கிற ஐரிஷ் அக்காவின் மகளுக்கு மே மாதம் ஒரு சனிக்கிழமை முதல் நற்கருணை விழா. சர்ச்சில் முதன்முறையாக நற்கருணை அப்பம் வாங்கும் நாள் அது. ஏழு, எட்டு வயசுக் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு இங்கே அது ஒரு கல்யாணம் மாதிரி: வெள்ளை கவுன், தலையில் மெல்லிய முக்காடு, சொந்தபந்தம் எல்லாம் கூடிச் சாப்பாடு. அன்றைக்கு அவருக்கு லாங் டே, காலை ஏழரையிலிருந்து ராத்திரி எட்டு வரை. "மாத்திக்கலாமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். சரி என்றேன். என் தோளைப் பிடித்து "ஐ ஓவ் யூ ஒன்" என்றார், உனக்கு ஒரு உதவி பாக்கி வைத்திருக்கிறேன் என்கிற மாதிரி. கடைசியில் வரும் அந்த "ஒன்"ஐ விட்டுவிடாதீர்கள். அது போனால் பணக் கடன் மாதிரி ஆகிவிடும்.

எல்லோரும் வாய்வார்த்தையாகச் சொல்வதுதானே என்று நானும் விட்டுவிட்டேன். அக்டோபரில் புது ரோஸ்டர் வந்தது. தீபாவளி அன்றைக்கு எனக்கு நைட். வார்டு சிஸ்டரிடம் எப்படிக் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த அக்காவே ரோஸ்டர் தாளோடு வந்து நின்றார். என் பெயரை அடித்து மேலே தன் பெயரைப் பென்சிலில் எழுதி, சிஸ்டரிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தார். "உங்க விளக்குப் பண்டிகை இதுதானே? வீட்டுக்குப் போ. கணக்கு தீர்ந்துச்சு" என்றார். தேதியை அவரே தேடிப் பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து அந்த வார்த்தையை யார் சொன்னாலும் நான் நம்புகிறேன்.

சென்னை

எங்கள் கிளையன்ட் டெக்ஸாஸ்காரர்கள். "அப்ரிஷியேட் யா" என்று வாய் நிறையச் சொல்வார்கள். ஆனால் நாம் நன்றி சொன்னால் சில பேர் "ம்-ஹ்ம்" என்று மட்டும் சொல்வார்கள். அலட்சியம் இல்லை, அதுவே அவர்களுக்கு முழுப் பதில். மெயிலில் "தேங்க்ஸ் இன் அட்வான்ஸ்" போடுவதை எங்கள் டீமில் விட்டுவிட்டோம். கேட்பதற்கு முன்பே தலையில் கட்டிவிட்ட மாதிரி இருக்கிறதாம். வேலை முடிந்த பிறகு தனியாக ஒரு வரி எழுதுகிறோம்.

மெல்பர்ன், ஆஸ்திரேலியா

இங்கே "மை ஷவுட்" தெரியாமல் இருக்க முடியாது. யாரும் கத்தப் போவதில்லை. பப்பில் நண்பர்களோடு உட்கார்ந்திருக்கும்போது, இந்தச் சுற்றில் எல்லோரும் குடிப்பதற்கு நான் பணம் கொடுக்கிறேன் என்று பொருள். இங்கிலாந்தில் "மை ரவுண்ட்" என்பார்களே, அதேதான். காபிக்கும் இது உண்டு. ஒருவர் வாங்கிக் கொடுத்தால் அடுத்த முறை நம்முடையது. யாரும் நோட்டில் எழுதி வைப்பதில்லை, ஆனால் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். தன் முறை வருவதற்குள் நழுவுகிறவருக்கு நல்ல பெயர் இருக்காது.

புதிதாக வந்த தம்பிகள் "நான் குடிக்கமாட்டேன், எனக்கு எதுக்கு?" என்று கேட்கிறார்கள். நானும் குடிப்பதில்லை, கையில் லெமனேட்தான். ஆனால் என் முறை வந்ததும் எழுந்து கவுன்டருக்குப் போய், யார் யாருக்கு என்ன என்று கேட்டு வாங்கி வந்துவிடுவேன். "சியர்ஸ், மேட்" என்று வாங்கிக்கொள்வார்கள். அடுத்த சுற்றில் என் லெமனேட் கேட்காமலே வந்துவிடும்.