மூன்று அம்மனா, பட்டினத்தார் சமாதியா?

காலடிப்பேட்டைக்காரன்:
பௌர்ணமி வெள்ளிக்கிழமையில் வந்தால் அம்மாவைப் பிடிக்க முடியாது. காலையில் மீஞ்சூர் பக்கத்து மேலூர் திருவுடையம்மன், உச்சியில் திருவொற்றியூர் வடிவுடையம்மன், மாலையில் வட திருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என்று ஒரே நாளில் மூன்று கோயிலுக்கும் போய்விடுவார். எனக்கோ பட்டினத்தார் சமாதியில் கடல் காற்று முகத்தில் அடிக்க, அரை மணி நேரம் கண்மூடி உட்கார்ந்தால்தான் மனம் அடங்குகிறது. "வீட்டு வழக்கத்தையே விட்டுட்டியே" என்று நேற்று அழுதுவிட்டார். நான் செய்வது தவறா?

ராயபுரம் அக்கா:
தவறே இல்லை தம்பி. நான் தீ மிதிப்பதை நிறுத்தி வருஷமாகிறது. ஆடியில் கூழ் மட்டும் ஊற்றுகிறேன். முந்தின நாளே கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைக்கும்போதே கும்பிட்ட நிறைவு வந்துவிடும்.

தண்டையார்பேட்டை பெரியவர்:
எல்லாம் துறந்த பட்டினத்தாரே தாய்க்குக் கொள்ளி வைக்கத் திரும்பி வந்தாரே! பச்சை வாழைமட்டையில் சிதை அடுக்கினார் என்பார்கள். உட்காரு, ஆனால் அம்மாவை அழவிடாதே.

காலடிப்பேட்டைக்காரன்:
சரிங்க ஐயா. அடுத்த முறை மேலூருக்கு என் வண்டியிலேயே கூட்டிப்போகிறேன். அப்புறம் சமாதிக்குப் போய்க்கொள்கிறேன்.