தனியாக வராதது கூட்டத்தில் வந்ததா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கொங்குக்காரி:

வள்ளிக் கும்மியை யூடியூப் பார்த்தே கற்றுக்கொள்ள முடியாதா என்று போன வாரம் ஒருவர் கேட்டிருந்தார். பாட்டைக் கற்றுக்கொள்ளலாம், ஆட்டம் வராது என்பது என் பதில். அதை விளக்கப் போய்ப் பதிவு நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: வள்ளியின் கதையை, தினைப்புனம் காத்ததிலிருந்து முருகனைக் கட்டிக்கொண்டது வரை, பாட்டாகப் பாடி வட்டமாக நின்று கைதட்டி ஆடுவதுதான் வள்ளிக் கும்மி. ஆசிரியர் மைக் பிடித்துப் பாடுவார். ஊர்க்கோயில் மைதானத்தில் ராத்திரி நேரத்தில் பயிற்சி நடக்கும். ஒன்று, ஒன்றரை மாதம் பழகிய பிறகு எல்லோரும் ஒரே நிறத்தில் சேலை எடுத்து, சலங்கை கட்டி அரங்கேற்றம். இன்றைக்கு வட்டத்தில் நிற்பவர்களில் பெரும்பாலும் பெண்கள்தான். ஆனால் இது ஒரு காலத்தில் ஆண்கள் ஆடிய ஆட்டம். அந்த வழக்கத்தை மீறிப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்த கோவை மாவட்டத்து பத்ரப்பன் ஐயாவுக்கு 2024-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

சரி, யூடியூப்புக்கு வருகிறேன். வீடியோவில் ஆடுகிறவர் நம்மைப் பார்த்து நிற்பார். அவருடைய வலது நமக்கு இடது. அது கூடப் பழகிவிடும். கும்மியில் உள்ளே ஓர் அடி வைத்து, குனிந்து தட்டி, திரும்பி வெளியே போக வேண்டும். திரும்பிய நிமிஷம் போன் நம் முதுகுக்குப் பின்னால் போய்விடும். அப்புறம் எதைப் பார்த்து ஆடுவது?

வட்டத்தில் அந்தத் தொல்லை கிடையாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அங்கே ஒருத்தி ஆடிக்கொண்டிருப்பாள். எங்கள் ஆசிரியர் புதியவர்களைச் சேர்ந்தாற்போல் நிற்க விடவே மாட்டார். தெரிந்த ஒருத்தியைப் பிடித்து நடுவில் நிறுத்துவார். எனக்கு முன்னால் ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண். ஆசிரியர் சொல்லிக்கொடுத்ததைவிட அந்தப் பிள்ளையின் முதுகும் குதிகாலும் எனக்குச் சொல்லிக்கொடுத்ததுதான் அதிகம். ஒருநாள் திரும்பிப் பார்த்து, "அக்கா, என் காலையே பாக்காதீங்க, பாட்டக் கேளுங்க. பாட்டே எப்பத் திரும்பணும்னு சொல்லும்" என்றாள். ஆசிரியர் அதையேதான் முதல் நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு ஆட்டம் எப்போதோ கைவந்துவிட்டது. அவளுக்கு அது போன மாதம்தான் புரிந்திருந்தது. எந்த இடத்தில் தடுக்கும் என்று அவளுக்குத் தெரிந்த அளவுக்கு அவருக்கு நினைவிருக்காது, பாவம்.

இன்னொரு லாபமும் உண்டு. ராத்திரி எட்டு மணிக்கு "கும்மிக்குப் போறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வீட்டை விட்டுக் கிளம்ப முடிந்தது. எங்கள் ஊரில் கல்யாணமான பெண்களுக்கு இது லேசான காரியமில்லை. அரங்கேற்றத்துக்காக ஆரம்பித்த வாட்ஸ்அப் குழுவில் இப்போது சீட்டு, டியூஷன், யார் வீட்டில் கன்று போட்டது என்பது வரை ஓடுகிறது. மில்லுக்குப் போகிறவரும் தோட்டம் வைத்திருப்பவரும் ஒருவரையொருவர் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

இதைச் சொல்லும்போது அதையும் சொல்லிவிட வேண்டும். ஊரில் எல்லோருக்கும் அந்த வட்டத்தில் இடம் இருந்ததா என்றால், இல்லை. சில தெருக்களுக்கு அழைப்பே போகவில்லை. சேர்ந்து கற்பது நல்லது என்று பேசுகிறவர்கள், யாரோடு சேர்ந்து என்பதையும் கொஞ்சம் பேசலாம்.

தாம்பரம் பறை:

கடைசிப் பத்திக்காகவே எழுதுகிறேன். நான் பறை கற்கிறேன். எங்கள் ஆசான் முதல் வகுப்பில் குச்சியைக் கையில் கொடுக்கவில்லை. யாருடைய கையில் இது திணிக்கப்பட்டது, எந்தச் சாவுக்கெல்லாம் யாரை அடிக்கச் சொன்னார்கள் என்று ஒரு மணி நேரம் பேசினார். அதன் பிறகுதான் தோளில் மாட்டவே விட்டார். மதுரைப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ அறிவித்த அன்று எங்கள் குழுவில் பலகாரம் வாங்கிச் சாப்பிட்டோம்.

கற்றல் பற்றி ஒன்று. தனியாக அடிக்கும்போது வேகம் ஏறிக்கொண்டே போவது நமக்குத் தெரியாது, பிரமாதமாக அடிப்பதாகத்தான் தோன்றும். பத்துப் பதினைந்து பேரோடு நின்றால் ஓடுகிறவன் உடனே தனியாகக் கேட்டுவிடுவான். யாரும் திட்ட வேண்டியதில்லை, காதே இழுத்துப் பிடிக்கும். ஃப்ளாட்டில் குடியிருப்பவன் தனியாகப் பழகவும் முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் செயலாளரிடம் போய்விடுவார்.

எனக்குப் பிடித்தது பறை காய்ச்சும் நேரம். மழைக்காலத்தில் தோல் தொய்ந்துவிடும். வைக்கோலையோ காகிதத்தையோ கொளுத்திச் சூடு காட்டினால்தான் சத்தம் எழும். அந்தத் தீயைச் சுற்றி நின்ற நேரத்தில்தான் கூட அடிக்கிறவர்கள் யார், என்ன வேலை, யாருக்கு வேலை போயிற்று என்பதெல்லாம் தெரிந்தது.

ஊசிநூல்:

எல்லோரும் இனிப்பாகவே எழுதுகிறீர்கள், நான் கொஞ்சம் கசப்பு. ஆரி ஒர்க், அதாவது கொக்கி ஊசியால் பிளவுஸில் பூவேலை போடும் வகுப்புக்குப் போனேன். ஒரே ஸ்டாண்டைச் சுற்றி நாலு பேர். சங்கிலித் தையல் சீக்கிரம் வந்தவர்கள் பக்கத்திலேயே டீச்சர் உட்கார்ந்துகொள்வார். எனக்கு ஊசி துணிக்குக் கீழே நூலைப் பிடிக்கவே மாட்டேன் என்றது. அடுத்தவர் மாங்காய் டிசைனை முடித்துவிட்டு என் துணியை எட்டிப் பார்க்கும்போது கை இன்னும் நடுங்கும். பாதியில் நின்றுவிட்டேன். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, மெதுவாக ஓடும் வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்துத்தான் கை பழகியது. கூட்டம் எல்லோருக்கும் ஆகாது.

ஞாயிறு பென்சில்:

ஊசிநூல் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்த வகுப்பு சேர்ந்து கற்பது ஆகாது, ஒரே அறையில் தனித்தனியாகக் கற்பது. அதில் போட்டி வேறு சேர்ந்துகொண்டது.

நாங்கள் ஞாயிறு காலையில் மயிலாப்பூர்க் குளத்தடி மாதிரி இடங்களில் உட்கார்ந்து வரைகிறோம். நேரில் பார்த்து, அங்கேயே வரைய வேண்டும், அவ்வளவுதான் விதி. சியாட்டிலில் கேப்ரியல் கம்பனாரியோ என்ற பத்திரிகை ஓவியர் 2007-ல் இணையத்தில் தொடங்கிய அர்பன் ஸ்கெட்சர்ஸ் மூலம் உலகம் முழுக்கப் பரவிய பழக்கம் இது. வரைந்து முடித்ததும் எல்லோருடைய நோட்டையும் தரையில் விரித்து வைப்போம். ஒரே கோபுரம்தான். ஒருவர் சிலைகளை ஒவ்வொன்றாக வரைந்திருப்பார், ஒருவர் வெறும் நிழலை மட்டும் தீட்டியிருப்பார், இன்னொருவர் கோபுரத்தை விட்டுவிட்டு இளநீர் வண்டியை வரைந்திருப்பார். மார்க் கிடையாது. "இந்த நிழலுக்கு எந்த நீலம்?" என்பது போன்ற கேள்விதான் வரும். தனியாக வரைந்தபோது என் கண்ணுக்கு நிழல் நீலமாகத் தெரிந்ததே இல்லை.

இன்னொரு சங்கதி. ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் சிலர் பெரியவர்களுக்கான மாலை வகுப்புகளை ஏழு மாதம் கவனித்து 2015-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சில வகுப்புகளில் பாட்டு, மற்றவற்றில் கைவினை அல்லது கதை எழுதுதல். பாட்டு வகுப்புக்காரர்கள் முதல் மாதத்திலேயே ஒட்டிக்கொண்டார்கள். மற்றவர்களுக்கு நாள் பிடித்தது. ஆனால் ஏழு மாத முடிவில் எல்லா வகுப்பிலும் நெருக்கம் ஏறக்குறைய ஒன்றுதான். கும்மியும் பறையும் முதல் ரகம். ஊசி வேலை இரண்டாவது. ஊசிநூல் பாதியில் நின்றதால் அந்த நெருக்கம் வரும் கட்டம் வராமலே போயிருக்கலாம்.

கொங்குக்காரி:

ஊசிநூல் அக்கா, எங்கள் கும்மியிலும் வேகமாகக் கற்றவர்களை முன்னால் தள்ளி வீடியோ எடுக்கும் ஆட்கள் உண்டு. வட்டத்துக்கு முன்வரிசை கிடையாது என்பதால் தப்பித்தோம். கேமரா வந்ததும் வட்டம் அரைவட்டமாகிவிடும், கவனித்திருக்கிறீர்களா?

ஊசிநூல்:

அது உண்மைதான். ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். கூட்டம் ஆகாது என்று எழுதினேனே தவிர, அந்த வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்தான் போன முகூர்த்த சீசனில் அவரால் முடிக்க முடியாத மூன்று கல்யாண பிளவுஸை எனக்கு அனுப்பிவைத்தார். கழுத்தை நான் போட்டேன், கையை அவர் போட்டார், ராத்திரி முழுக்க வீடியோ காலில் பேசிக்கொண்டே. அதைச் சேர்ந்து கற்றதில் சேர்ப்பீர்களோ என்னவோ. இப்போது ஜரிகை நூலும் ஸ்டோனும் மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். இன்னும் இரண்டு பேர் சேர்ந்தால் விலை குறையும். திருப்பூர் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.